தழும்பைப் பார்க்காதீங்க, தாளைப் பாருங்க!



போன இதழில் எலிக்காய்ச்சலைப் பற்றி எழுதியபோது அடுத்தது பாம்புக்கடி என்று சொல்லியிருந்தேன். பாம்பு கொஞ்சம் காத்திருக்கட்டும். அதைவிட அவசரமான ஒரு விஷயம் இருக்கிறது. பல நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது, எழுதினால்தான் தீரும்.

என் டிஸ்பென்சரிக்கு வரும் உறவுக்காரர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள்: "டிரசர் ஐயா, முந்தியெல்லாம் ஆபரேஷன்னா நெஞ்சைக் கிழிப்பாங்க. இப்ப நாலஞ்சு ஓட்டைதான் போட்டிருக்காங்க. ஆளும் எழுந்து நடக்கிறாரு. அப்புறம் ஏன் வீட்டுக்கு விட மாட்டேங்கிறாங்க? ஏன் தினமும் இரத்தம் எடுக்கிறாங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் தப்பான பதில் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் செத்துப் பிழைத்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

அவர் செம்பனையில் குலை அறுப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். "சோறு நெஞ்சிலேயே நிக்குது, தண்ணி குடிச்சாத்தான் இறங்குது" என்று வந்தார். மூன்று மாதமாக அப்படியாம். கடைசி இரண்டு வாரம் கஞ்சி மட்டும். ஆளும் இளைத்திருந்தார். அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்பி வைத்தேன். அதில் நான் தப்பு செய்யவில்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள்; உணவுக்குழாயில் புற்றுநோய். முதலில் மருந்து ஏற்றி, பிறகு சிறு துளை வழியாக ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

ஆறாம் நாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் தனியாக. ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு, அங்கே சாப்பாட்டுக் காசு, தனக்கு நாள் கூலி நட்டம். டாக்டர் "இரத்தத்தில் ஒரு நம்பர் இறங்கவில்லை, ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்" என்கிறாராம். நோயாளியோ "நான் நல்லாத்தான் இருக்கேன், கையெழுத்துப் போட்டுட்டுப் போலாம்" என்கிறாராம். அந்த அம்மா புண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பார்த்தேன். ஐந்து சின்னத் தையல். சீழ் இல்லை, சிவப்பு இல்லை. "காயம் சுத்தமா இருக்கும்மா. கூட்டிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னேன்.

சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டார்கள். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாடி 130. மூச்சு வாங்குகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, கையோ ஜில்லென்று இருக்கிறது. ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே தையல் விட்டு, நெஞ்சுக்குள் கசிந்திருக்கிறது. வெளியே அந்த ஐந்து தையலும் அப்போதும் சுத்தமாகத்தான் இருந்தன.

பிறகு அவர் ஆஸ்பத்திரித் தாளை வாங்கிப் பார்த்தேன். சி.ஆர்.பி. என்று ஒரு வரி. மூன்றாம் நாள் 214. நான்காம் நாள் 171. ஐந்தாம் நாள் 168. ஆறாம் நாள் 203. படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த நாலு எண்ணும் கூப்பாடு போடுகின்றன. நான் எண்ணைக் கேட்கவில்லை, படத்தைப் பார்த்துவிட்டுப் பேசினேன்.

மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். என் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: பட்டையில் வெட்டு எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும், கத்தி உள்ளே கட்டையைத் தொட்டதா என்று பார். தொட்டுவிட்டால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அந்தப் பாடத்தை மரத்துக்கு வைத்துக்கொண்டு மனிதனுக்கு மறந்துவிட்டேன்.

இந்த ஆபரேஷனில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். உணவுக்குழாயில் பெரும் பகுதியை எடுத்துவிடுகிறார்கள். இரைப்பையை ஒரு குழாய் போலத் தைத்து, நெஞ்சுக்குள் மேலே இழுத்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். இணைப்பு நெஞ்சிலோ கழுத்திலோ வரும். வேலை நடக்கும்போது ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க விட்டு வைப்பார்கள். பல மணி நேரம் பிடிக்கும். வெளியே துளை போட்டாலும் சரி, கிழித்தாலும் சரி, உள்ளே நடக்கும் வெட்டும் ஒட்டும் ஒன்றேதான்.

அப்படியானால் துளை போடுவதில் என்ன லாபம்? லாபம் உண்டு, பெரிய லாபம். நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆஸ்பத்திரிகளில் 115 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கிழித்துச் செய்தவர்களில் 100-க்கு 29 பேருக்கு முதல் இரண்டு வாரத்தில் நுரையீரலில் கிருமி பிடித்தது. துளை போட்டுச் செய்தவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான். 2019-இல் பிரான்சிலிருந்து 207 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அதில் வயிற்றுப் பக்கம் மட்டும் துளை, நெஞ்சைத் திறந்துதான் செய்தார்கள். அதிலேயே பெரிய சிக்கல்கள் 100-க்கு 64 என்பது 36 ஆகக் குறைந்தது. நெஞ்சு எலும்பை விரிக்காமல் விட்டால் வலி குறைவு, வலி குறைந்தால் ஆள் நன்றாக மூச்சை இழுத்து இருமுவான், இருமினால் சளி தங்காது.

ஆனால் இணைத்த இடத்தில் கசிவு? அது இந்த ஆய்வுகளில் குறையவில்லை. இதைத்தான் யாரும் நமக்கு விளங்கச் சொல்வதில்லை. துளை ஆபரேஷன் நுரையீரலுக்கு நல்லது. உள்தையல் பிடிப்பதும் பிடிக்காததும் இரத்த ஓட்டத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்தது, சிகரெட்டைப் பொறுத்தது. வெளியே போட்ட காயத்தின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தை எட்டிப் பார்க்கத்தான் இரத்தம் எடுக்கிறார்கள்.

சி.ஆர்.பி. என்பது ஒரு புரதம். 1930-இல் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் கழகத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தது. உடம்பில் எங்காவது காயமோ கிருமியோ இருந்தால் அந்த இடத்திலிருந்து ஈரலுக்குச் செய்தி போகும். ஈரல் இதை உண்டாக்கி இரத்தத்தில் விடும். புத்தகத்தில் அழற்சி என்று எழுதுவார்கள். நாம் உள்காந்தல், உள்வீக்கம் என்று சொல்வது அதுதான். சுகமாக இருப்பவருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கும், சில இடத்தில் 10 வரை கணக்கு வைப்பார்கள். நம் பெரியவர்களுக்கு ஈ.எஸ்.ஆர். தெரிந்திருக்கும். அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வண்டி. சி.ஆர்.பி. அப்படியல்ல. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போகும், காரணம் தீர்ந்துவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்தில் பாதியாகும். அதனால்தான் தினசரி நிலவரத்துக்கு இது உதவுகிறது.

ரப்பர்ப் புகைவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் புகை வந்தால் உள்ளே நெருப்பு இருக்கிறது என்று தெரியும். ஷீட்டுக்குப் போட்ட நெருப்பா, கட்டிடமே பற்றிக்கொண்டதா என்பது புகையைப் பார்த்தால் மட்டும் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்கணும். இவ்வளவு பெரிய ஆபரேஷன் முடிந்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் 150, 200 என்று எண் வருவது சாதாரணம். அதைக் கேட்டு அழ வேண்டாம். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்கிக்கொண்டே வந்தால் உள்தையல் பிடித்திருக்கிறது என்று டாக்டர் ஓரளவு தைரியமாக இருக்கலாம். இறங்காமல் நின்றாலோ, இறங்கியது திரும்ப ஏறினாலோ, ஏன் என்று தேடியே ஆகணும். ஆய்வு செய்தவர்கள் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்கும் 130-இலிருந்து 180 வரை வெவ்வேறு எல்லை போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கோடு கிடையாது. அந்தக் கோட்டுக்கு மேலே போனவர்கள் எல்லாருக்கும் கசிவு இருப்பதுமில்லை. நிமோனியாவாக இருக்கலாம், ஊசி போட்ட நரம்பில் புண்ணாக இருக்கலாம். இந்தச் சோதனை குறைவாக இருக்கும்போது சொல்லும் சேதியைத்தான் அதிகம் நம்பலாம். கூடுதலாக இருக்கும்போது ஸ்கேன் எடுக்கணும், குழாய் விட்டுப் பார்க்கணும். நம் ஆளை அந்த டாக்டர் நிறுத்தி வைக்கப் பார்த்தது இதற்குத்தான்.

புரொகால்சிட்டோனின் என்று இன்னொரு சோதனையும் உண்டு. கிருமியால் வந்த சூட்டை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவதில் அது கொஞ்சம் கெட்டி. செலவு அதிகம், அதனால் எல்லா இடத்திலும் தினமும் எடுக்க மாட்டார்கள். எடுக்கவில்லையே என்று சண்டை போட வேண்டாம்.

தாளை வாங்கிப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். சில ஆய்வுக்கூடங்கள் லிட்டர் கணக்கில் போடாமல் டெசிலிட்டர் கணக்கில் போடும். அங்கே 17 என்று இருந்தால் நம் கணக்கில் 170. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் "170-இலிருந்து 17-க்கு வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண் பொய் சொல்வதும் உண்டு. ஈரல் கெட்டவருக்கு, சம்சுவிலும் சாராயத்திலும் ஈரலைக் கரைத்தவருக்கு, சி.ஆர்.பி. ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் போகலாம். தொழிற்சாலையே பழுதானால் சரக்கு எங்கிருந்து வரும்? எனவே டாக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்டால், வெட்கப்பட்டு "எப்பவாவது" என்று முழுங்காதீர்கள். இன்னொன்று, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் சில ஜாமு மாத்திரைகளில் ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை பிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கும், இந்த எண்ணையும் அமுக்கும். பெட்டிக்குள் அந்தப் பொட்டலம் இருந்தால் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

பொம்பளைங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வார்டில் ஆள் அசையாமல் படுத்திருந்தால் "நல்லா தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்று நர்சைத் தடுக்கிறீர்கள். அன்பு புரிகிறது. ஆனால் மறுநாளே உட்கார வைக்கணும், நடக்க வைக்கணும். மூன்று குண்டு உள்ள அந்தப் பிளாஸ்டிக் சாமானில் மூச்சை உறிஞ்ச வைக்கணும். நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இரும வைக்கணும். சளி தங்கி நிமோனியா வந்தாலும் அதே எண் ஏறும், அதே நாட்கள் கூடும். டாக்டர் சொல்லும் முன்னே கோப்பியையும் கஞ்சியையும் ஒளித்துக்கொண்டு போய் ஊட்டாதீர்கள். குடலில் போட்ட சின்னக் குழாய் வழியாகப் பால் போகிறது. ஆள் பட்டினி கிடக்கவில்லை.

சரி, என்ன கேட்கணும்? பயந்துகொண்டு டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். "டாக்டர், சி.ஆர்.பி. நேற்று எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு? இறங்குதா?" என்று கேளுங்கள். மலாயில் கேட்டாலும் சரி, தமிழ் தெரிந்த நர்சிடம் கேட்டாலும் சரி. ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாடியையும் எழுதுங்கள். பேசாமல் படுத்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல் நிற்கிறது, காய்ச்சல், மூச்சுத் திணறல், புதிதாக நெஞ்சு வலி அல்லது தோள் வலி, காரணமில்லாத பதட்டம், கழுத்துப் புண் சிவப்பது, இதில் எது வந்தாலும் எண் நன்றாக இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இதேதான். கசிவு பத்து நாள் கழித்துக்கூட வரும். அப்போது என்னிடம் வந்து பொழுதைப் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் வழியில் நிறுத்தும் ஆளாக இருக்கக்கூடாது என்பதை அந்தத் தீபாவளியில் கற்றுக்கொண்டேன்.

இப்போது தோட்ட நிர்வாகத்துக்கும் நம் சங்கத்துக்கும்.

சின்னத் தழும்பால் ஏமாறுவது நாம் மட்டுமல்ல. ஒரு முறை ஒரு சூப்பர்வைசர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை நாள் எம்.சி.?" என்று கேட்டதை நானே கேட்டேன். ஐயா, இந்த மனிதனுக்கு வயிறு நெஞ்சில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடிதான் சாப்பிட முடியும், நாளுக்கு ஆறு தடவை. சாப்பிட்டதும் சிலருக்குப் படபடப்பும் மயக்கமும் வரும். தலைப்பக்கம் உயர்த்தித்தான் தூங்கணும், குனிந்தால் சாப்பிட்டது மேலே வரும். எடை கிலோ கிலோவாக இறங்கியிருக்கும். இரத்தத்தில் சி.ஆர்.பி. ஐந்துக்கு வந்துவிட்டது என்பதால் நீண்ட கம்பில் அரிவாளை மாட்டிக் குலையை இழுக்கும் பலம் வந்துவிடாது. அதற்கு மாதக் கணக்கு ஆகும். சிலருக்கு வராமலேயே போகும். அந்த எண் கிருமியைப் பற்றிப் பேசும். புஜத்தைப் பற்றிப் பேசாது. எண்ணைப் பார் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே இதையும் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் வருடத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சாதாரண நோய் விடுப்பு, சர்வீசைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள், அது தனி. முன்பு இரண்டையும் சேர்த்துத்தான் 60 என்று எண்ணினார்கள். இது தெரியாமல் நாள் முடிந்துவிட்டது என்று பயந்து கையெழுத்துப் போட்டு வெளியேறுபவர்கள் இருக்கிறார்கள். திரும்ப அந்த வேலை செய்யவே முடியாது என்று ஆனால், பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ வாரியம் பார்த்து முடிவு சொல்லும். பாரங்களை நிரப்பக் கிளைச் செயலாளரைப் பிடியுங்கள். அவர் வேலை அது.

சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த அம்மா கையெழுத்துப் போட்டது அறியாமையால் மட்டுமல்ல. பஸ் காசும் பிள்ளைகளும்தான் அவரை இழுத்தன. பெரிய ஆபரேஷனுக்குப் போகும் குடும்பத்துக்கு முதல் பத்து நாளாவது வழிச்செலவு கொடுக்கவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள லயத்தில் ஒருவரை ஏற்பாடு செய்யவும் கிளைகள் முன்வரணும். மாநாட்டுச் செலவில் ஒரு வேளை விருந்தைக் குறைத்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வெற்றிலை போடும் பாட்டிமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும் ஒரு வரி. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு வெற்றிலை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு முடிவு சொல்லிவிட்டது. நம் நாட்டில் இந்த நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. சிகரெட்டையும் சாராயத்தையும் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு அடைத்தால் மூன்று மாதம் தண்ணீர் விட்டுத் தள்ளாதீர்கள். இரண்டு வாரம் நீடித்தாலே வந்துவிடுங்கள்.

அந்த மனிதர் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். 16 கிலோ குறைந்திருந்தார். பெரிய மகன் படிப்பை நிறுத்திவிட்டு லோரியில் வேலைக்குப் போய்விட்டான். அவர் இப்போது நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். சாயங்காலத்தில் என் டிஸ்பென்சரி வாசலில் வந்து உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை அரை மணி நேரம் கடிப்பார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன வாரம் வேறு ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அவள் அப்பாவுக்கு இதே ஆபரேஷன், நான்காம் நாள், வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டாள். புண்ணின் படத்தை அனுப்பட்டுமா என்றாள். "படம் வேணாம்மா, தாளை அனுப்பு" என்றேன். 188, 140, 96 என்று இருந்தது. "நல்லா இறங்குது. ஆனா டாக்டர் விடும் வரைக்கும் இருங்க" என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிஸ்கட்டை வைத்துவிட்டு, "யாரு பிள்ளை? பஸ்ஸுக்குக் காசு இருக்கான்னு கேளுங்க" என்றார்.